பாலாற்றங்கரையில் ஹஜ்ஜுப் பெருநாள்: குழி, தோல், பங்கு

பாலாறு வறண்ட ஆறு என்று பெயர் வாங்கிவிட்டது. எங்கள் வீட்டுக்கு வரும் விருந்தாளிகள் கரையில் நின்று மணலைப் பார்த்துவிட்டு, "இதில் எங்கே தண்ணீர்?" என்றுதான் கேட்கிறார்கள். தண்ணீர் மணலுக்குள் இருக்கிறது. கர்நாடகத்தின் நந்தி மலையில் பிறந்து, ஆந்திரத்தைக் கடந்து, வாணியம்பாடிக்கு மேற்கே தமிழ்நாட்டுக்குள் நுழைந்து வாயலூரில் கடல் சேரும் இந்த 348 கிலோமீட்டர் ஆற்றில், மழை வெள்ளம் வரும் சில நாட்கள் போக, நீரோட்டம் முழுவதும் மணலுக்கு அடியில்தான். ஆற்றுக்குள் இறக்கிய உறை கிணற்றிலிருந்துதான் எங்கள் ஊருக்குக் குடிநீர் வருகிறது. கரையோரம் இருக்கும் பல ஊர்களுக்கும் அப்படித்தான். என் மாமனார் காலத்தில் ஆற்று மணலில் ஊற்றுக்கால் வெட்டி வயலுக்கே தண்ணீர் கொண்டுபோனார்களாம்.

ஆடு அறுத்துப் பங்கிடும் ஹஜ்ஜுப் பெருநாளை, அதாவது பக்ரீத்தைப் பற்றி எழுத உட்கார்ந்து ஆற்றைப் பற்றிச் சொல்லக் காரணம் உண்டு. எங்கள் ஊரில் இந்தப் பெருநாளை நடத்தும் முறை முழுவதும் அந்த மணலிலிருந்துதான் தொடங்குகிறது. மணலில் முழங்கை ஆழம் தோண்டிக் குடலையும் சாணத்தையும் புதைத்துவிட்டால் ஆறு அதைக் கொண்டுபோய்விடும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆறு எங்கும் கொண்டுபோகாது. கிணற்றுக்குத்தான் கொண்டுவரும்.

நான் மேல்விஷாரத்தில் பிறந்து, பள்ளிகொண்டாவுக்கு மேற்கே ஆற்றங்கரையில் இருக்கும் இந்த ஊருக்கு மருமகளாக வந்தவள். ஒரு பள்ளிவாசல், சில தெருக்கள், சுற்றிலும் தென்னந்தோப்பு, கரையை ஒட்டிப் பெருநாள் தொழுகை நடக்கும் ஈத்கா மைதானம், அவ்வளவுதான் ஊர். முஸ்லிம் குடும்பங்களைவிட மற்றவர்கள் அதிகம். பெருநாள் அன்று பங்கு பிரிக்கும் பெண்கள் குழுவின் நோட்டுப் புத்தகம் பல ஆண்டுகளாக என் கையில் இருக்கிறது. பக்கத்து ஊர்களில் இருக்கும் உறவுப் பெண்கள் ஒவ்வொரு ஆண்டும் பெருநாள் வரும் துல்ஹஜ் மாதத்தின் பிறை தெரிந்ததும் போன் செய்து, "உங்கள் ஊரில் எப்படிச் செய்கிறீர்கள்?" என்று கேட்கிறார்கள். அவர்களுக்குச் சொல்வதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஆடு. பொய்கையில் செவ்வாய்க்கிழமை கூடும் சந்தைக்கும், கே.வி.குப்பம் ஆட்டுச் சந்தைக்கும் பெருநாளுக்கு முந்தைய வாரங்களில் கால் வைக்க இடம் இருக்காது. கடைசிச் சந்தை வரை காத்திருந்து வாங்குவது வேண்டாம் என்பேன். விலை ஏறுவது ஒரு பக்கம். நல்ல ஆடுகள் அதற்கு முன்பே போய்விடும் என்பது இன்னொரு பக்கம். குர்பானிக்கு, அதாவது பெருநாள் பலிக்கு, வெள்ளாடு ஓராண்டு நிறைந்திருக்க வேண்டும். வியாபாரி சொல்லும் வயதை நம்ப வேண்டியதில்லை, வாயைத் திறந்து பாருங்கள். கீழ்த்தாடையின் முன்வரிசையில் பால் பல் இரண்டு விழுந்து, அந்த இடத்தில் பெரிய பல் இரண்டு முளைத்திருந்தால் ஓராண்டைத் தாண்டியிருக்கும். செம்மறியில் ஆறு மாதக் குட்டியாக இருந்தாலும் பார்வைக்கு ஓராண்டு ஆட்டைப் போலத் திடமாக இருந்தால் இஸ்லாமியச் சட்டப் பிரிவுகளில் ஒன்றான ஹனஃபி மத்ஹபில் போதுமானது. கண் தெரியாதது, நொண்டுவது, நோய்ப்பட்டது, எலும்பும் தோலுமாக மெலிந்தது ஆகாது. ஆகவே நிற்கும் ஆட்டை வாங்காதீர்கள். நடக்கவிட்டுப் பாருங்கள். வால் பகுதி கழிச்சலால் அழுக்காகி இருக்கிறதா, மூக்கில் சளி ஒழுகுகிறதா என்று பாருங்கள். சந்தைக் கூட்டத்தில் ஆட்டுக்கொல்லி நோய் ஒரே நாளில் பல ஊர்களுக்குப் பரவிவிடும். வாங்கி வந்ததும் வீட்டிலுள்ள மற்ற ஆடுகளோடு கட்டாமல் சில நாள் தனியே கட்டுவது நல்லது.

எங்கள் வீட்டில் சந்தைக்குப் போவது என் கணவர் என்றாலும், ஆடு பார்க்கும் கண் என் மாமியாருக்குத்தான். அவர் ஆட்டின் முதுகெலும்பை விரலால் தடவிப் பார்ப்பார். வயிற்றைப் பார்க்கவே மாட்டார். "வயிறு ஒரு வாளித் தண்ணீரில் உப்பிவிடும் அம்மா, முதுகு உப்பாது" என்பார். உயிர் எடையில் ஏறக்குறைய பாதிதான் கறியாகத் தேறும் என்பதையும் மனதில் வைத்துக்கொண்டால் விலை பேசும்போது ஏமாற வேண்டியதில்லை. 20 கிலோ ஆட்டில் ஒன்பது, பத்து கிலோ கிடைக்கும்.

வீட்டுக்கு வந்த ஆட்டைப் பிள்ளைகள் பாசத்தாலேயே கெடுத்துவிடுவார்கள். சோறு, வாழைப்பழம், பிஸ்கட் என்று கையில் கிடைத்ததை எல்லாம் ஊட்டுவார்கள். பழக்கமில்லாத ஆடு ஒரு தட்டுச் சோறு தின்றாலே வயிறு உப்பி விழுந்துவிடக்கூடும். அகத்திக்கீரை, வேலிமசால், வேப்பங்கொத்து, நிழல், நல்ல தண்ணீர், இவை போதும். அறுப்பதற்கு முந்தைய இரவு தீனியை நிறுத்தித் தண்ணீர் மட்டும் வைத்தால் இரைப்பை இளகி, மறுநாள் குடல் எடுக்கும் வேலை சுத்தமாக நடக்கும். குழிக்குப் போகும் சாணமும் குறையும். பிள்ளைகள் ஆட்டோடு பழகுவதைத் தடுக்கக் கூடாது என்பது என் எண்ணம். பழகிய உயிரைக் கொடுக்கும்போதுதான் குர்பானி எதைக் கேட்கிறது என்று அவர்களுக்குப் புரிகிறது. பெருநாள் காலையில் அழும் பிள்ளையை யாரும் கேலி செய்யவிடாதீர்கள்.

இனி குழி. எங்கள் ஊரில் முன்பெல்லாம் ஆற்றின் கரையிலேயே குழி வெட்டுவார்கள். மணல் தோண்டுவதற்கு எளிது, ஊருக்கு நாற்றம் வராது என்பது காரணம். 2021 நவம்பரில் பாலாற்றில் பெரும் வெள்ளம் வந்தது. எங்கள் ஊர்ப் பக்கம் கரையை அரித்துக்கொண்டு போனபோது பழைய குழிகள் திறந்துகொண்டன. நான்கு மாதத்துக்கு முன் ஜூலையில் புதைத்த எலும்பும் கொம்பும் வெள்ளம் வடிந்த மணலில் கிடந்தன. உறை கிணறு அங்கிருந்து கூப்பிடு தூரம். அந்த வாரம் வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகையில் எங்கள் பள்ளிவாசல் இமாமான ஹஜ்ரத், நீர்நிலையிலும் பாதையிலும் மக்கள் ஒதுங்கும் நிழலிலும் அசுத்தம் செய்வது சாபத்தைத் தேடித்தரும் என்று நபிகள் நாயகம் (ஸல்) எச்சரித்த ஹதீஸை எடுத்துப் பேசினார். கூட்டத்தில் யாரும் மறுத்துப் பேசவில்லை. அடுத்த பெருநாளிலிருந்து ஆற்றுக்குள்ளும் கரையிலும் எதையும் புதைப்பதில்லை என்று ஊர் முஸ்லிம்களின் அமைப்பான ஜமாஅத்தில் முடிவானது.

இந்த ஆறு கொஞ்சமா பட்டிருக்கிறது? தோல் தொழிற்சாலைக் கழிவால் பாலாறும் நிலத்தடி நீரும் கெட்டது உச்ச நீதிமன்றம் வரை போய், மாசுபடுத்தியவரே ஈடு கட்ட வேண்டும் என்று 1996இல் தீர்ப்பு வந்த மாவட்டம் இது. நாம் ஒரு நாள் செய்வது அதோடு ஒப்பிட்டால் சிறிது என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அந்தக் கணக்கு ஒப்பவில்லை. நம் கையால் செய்வதை நிறுத்துவதற்கு மற்றவர் கணக்கு முடியும் வரை காத்திருக்க வேண்டுமா?

இப்போது குழி ஊருக்குக் கிழக்கே ஒரு தென்னந்தோப்பில். தோப்புக்காரர் எங்கள் மதத்தைச் சேர்ந்தவர் அல்லர். பள்ளிவாசல் நிர்வாகியான முத்தவல்லி போய்க் கேட்டபோது, "பாய், உரத்தை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்து கொடுப்பதாகச் சொல்கிறீர்கள், வேண்டாம் என்பேனா?" என்று சொல்லிவிட்டார். ஒரு ஆட்டில் ஏறக்குறைய ஒரு லிட்டர் ரத்தமும், இரைப்பையிலிருந்து இரண்டு மூன்று கிலோ சாணமும் வரும். ஊரில் அறுக்கும் ஆடுகளின் எண்ணிக்கையைத் துல்ஹஜ் பிறை ஐந்துக்குள் எழுதி வாங்கிவிட்டால் குழியின் நீள அகலம் தெரிந்துவிடும். பெருநாளுக்கு முந்தைய நாளே பொக்லைன் வைத்து ஆறடி ஆழம் வெட்டுகிறோம். கிணறு, ஆழ்துளைக் கிணறு எதற்கும் 100 அடிக்குமேல் தள்ளி இருக்க வேண்டும். வெட்டும்போது ஈரம் கசிந்தால் அந்த இடம் ஆகாது, வேறு இடம் பார்க்க வேண்டும். அடியில் காய்ந்த தென்னை மட்டையும் நார்க்கழிவும் போட்டு, கழிவு விழ விழச் சுண்ணாம்பு தூவி, மாலையில் இரண்டடிக்குக் குறையாமல் மண் மூடுகிறோம்.

மண் மூடியதோடு வேலை முடிந்தது என்று விட்டால் இரவோடு இரவாக நாய்கள் தோண்டிவிடும். மூடிய மண்ணின்மேல் சீமைக்கருவேல முள்ளைப் பரப்பிக் கல் வைத்தால் நாய் கிட்டே வராது. நாயைப் பற்றி அக்கறைப்படக் காரணம், ஆற்றில் கொட்டிய இறைச்சிக் கழிவைத் தின்று பழகிய நாய்க்கூட்டம் பிறகு மேய்ச்சலுக்குப் போகும் குட்டிகளைக் கடிக்கிறது. நம் பண்டிகையின் மிச்சத்துக்கு ஆடு மேய்க்கிறவர் விலை கொடுக்கக் கூடாது.

அறுக்கும் இடத்தில்தான் ரத்தத்தைப் பிடிக்க வேண்டும். வாசலில் அறுத்துவிட்டுக் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவினால் அது சாக்கடைக்குப் போகும். எங்கள் ஊர்ச் சாக்கடை எல்லாம் ஆற்றில் போய்த்தான் முடிகிறது. ஆகவே கொல்லையில் ஒரு சிறு பள்ளம் எடுத்து நார்க்கழிவை நிரப்பி, அதன்மேல் கழுத்து வரும்படி ஆட்டைக் கிடத்துகிறார்கள். நார்க்கழிவு ரத்தத்தை அப்படியே உறிஞ்சிக்கொள்ளும். அதை வாரிக் குழிக்கு அனுப்பிவிட்டு, இடத்தை முதலில் துடைப்பத்தால் கூட்டி, கடைசியாகக் கொஞ்சம் தண்ணீர் தெளித்தால் போதும். நார்க்கழிவு கிடைக்காத ஊரில் சாம்பலோ மரத்தூளோ போடலாம். கத்தியை ஆட்டின் கண்முன் தீட்டக் கூடாது, ஒன்றின் எதிரில் இன்னொன்றை அறுக்கக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் கசாப்புக்காரர் அடுத்த வீட்டுக்கு ஓடும் அவசரத்தில் முதலில் மறப்பதும் இதைத்தான். வீட்டுக்காரர் பக்கத்தில் நின்று நினைவூட்ட வேண்டும். அவருடைய கூலியை முன்பே பேசிப் பணமாகவே கொடுத்துவிடுங்கள். தோலையோ கறியையோ கூலியாகக் கொடுப்பது கூடாது.

குடல் கழுவுவது பெண்கள் வேலை. அதற்கு ஆற்றுக்குப் போவதுதான் பழைய வழக்கம். மணலில் ஊற்றுத் தோண்டி, ஊறும் நீரில் கழுவுவார்கள். நான் கல்யாணமாகி வந்த புதிதில் ஊர்ப் பெண்கள் எல்லோரும் அன்று மாலை ஆற்றில்தான் இருப்பார்கள். பேச்சும் சிரிப்புமாக நன்றாகவே இருக்கும். அது இப்போது இல்லை என்பதில் என் மாமியாருக்கு வருத்தம் உண்டு. அந்தக் கூட்டத்தை நாங்கள் பள்ளிவாசலுக்குப் பின்னால் உள்ள கைப்பம்படிக்கு மாற்றிக்கொண்டோம். கழுவிய தண்ணீர் அங்கிருக்கும் வாழைகளுக்குப் போகும். தண்ணீரைக் குறைத்துக் கழுவ வழி இருக்கிறது. குடலைத் தென்னை ஈர்க்கில் கோத்து உள்பக்கம் வெளியே வரப் புரட்டி, கல் உப்பு போட்டுத் தேய்த்து, ஒரு முறை அலசிவிட்டு, வெற்றிலைச் சுண்ணாம்பும் மஞ்சளும் பூசிச் சிறிது நேரம் வைத்தால் வழுவழுப்பும் நாற்றமும் போய்விடும். இரைப்பைக்குக் கை பொறுக்கும் அளவுக்குமேல் சூடான நீர் வேண்டும். கொதிக்கும் நீரில் போட்டால் கறுப்புத் தோல் ஒட்டிக்கொண்டு உரிய மறுக்கும். நீர் பதமாக இருந்தால் கரண்டியால் சுரண்டும்போதே வந்துவிடும்.

தோலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று தோலால் பிழைக்கும் ஊர்கள் சூழ்ந்த இடத்தில், குர்பானித் தோல் மதரஸாக்களுக்குப் பெரிய வருமானமாக இருந்தது. சில ஆண்டுகளாக ஆட்டுத்தோல் விலை விழுந்து கிடக்கிறது. எடுத்துப்போக வண்டி வராது என்ற நினைப்பில் தோலை ஆற்றில் வீசும் பழக்கம் அங்கங்கே வந்துவிட்டது. இது எனக்குப் பொறுக்கவில்லை. விலை குறைந்தாலும் நல்ல தோலுக்கு வாங்குபவர் இருக்கிறார். கெட்ட தோலைத்தான் யாரும் தொடுவதில்லை. தோல் கெடுவது இரண்டு வகையில். உரிக்கும்போது கத்தி பட்டு ஓட்டை விழுவது ஒன்று. வயிற்றுப் பக்கம் கீறித் தொடங்கியபின் முஷ்டியால் தள்ளித் தள்ளி உரிக்கச் சொல்லுங்கள். இரண்டாவது, வெயிலில் மணிக்கணக்காகக் குவித்து வைப்பது. உள்ளே சூடேறி மயிர் கழன்றுவிடும். உரித்த உடனே நிழலில் உள்பக்கம் மேலே தெரிய விரித்து, ஒரு தோலுக்கு ஏறக்குறைய ஒரு கிலோ கல் உப்பைக் கால், கழுத்து, ஓரம் விடாமல் தேய்த்தால் வண்டி மறுநாள் வந்தாலும் கெடாது. இரண்டு இளைஞர்களை இந்த வேலைக்கென்றே நிறுத்துகிறோம். உப்பு மூட்டையை முன்பே பள்ளிவாசலில் இறக்கிவைக்கிறோம். அந்தச் செலவை ஜமாஅத் ஏற்கிறது.

பெருநாள் காலையே வேறு மாதிரி. ஹஜ்ஜுப் பெருநாள் தொழுகையை நோன்புப் பெருநாளைவிடச் சீக்கிரம் வைப்பார்கள், அதற்குப் பிறகு அறுப்பு இருப்பதால். முந்தைய நாளான அரஃபா நாளின் விடியல் தொழுகையிலிருந்து (பஜ்ர்) ஒவ்வொரு தொழுகைக்குப் பின்னும், இறைவனே பெரியவன் என்று சொல்லும் தக்பீர் முழங்கிக்கொண்டிருக்கும். ஆண்களும் பிள்ளைகளும் தக்பீர் சொல்லிக்கொண்டு ஆற்றோரப் பாதையில் ஈத்காவுக்குப் போய், திரும்பும்போது கடைத்தெரு வழியாக வருவார்கள். போன வழியில் திரும்பாமல் வேறு வழியில் வருவது சுன்னத், அதாவது நபிகள் நாயகத்தின் (ஸல்) வழிமுறை. அந்த நேரத்தில் ஊரே அவர்களைப் பார்த்துவிடும். டீக்கடைக்காரரும் பஸ்ஸுக்கு நிற்பவர்களும் வாழ்த்துச் சொல்வார்கள். தொழுகை முடியும் வரை வீட்டில் யாரும் எதுவும் சாப்பிடுவதில்லை. அறுத்ததும் முதலில் ஈரல் வறுவல். அதற்குக் காரணம் உண்டு. அப்போதே அறுத்த கறி சில மணி நேரம் விறைத்துப்போய் எவ்வளவு வேக வைத்தாலும் இறுகும். ஈரல் அப்படி இல்லை, உடனே வெந்து பூவாக இருக்கும். பிரியாணியை மாலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் பக்கத்தில் அது சீரகச் சம்பாவில், காய்ந்த மிளகாய் அரைத்த விழுதோடு, கத்தரிக்காய்த் தொக்கு பக்கத்தில் இருக்கத்தான். இதில் மாற்றுக் கருத்தை நான் ஏற்பதில்லை.

இப்போது பங்கு. எனக்கு மிகவும் முக்கியமான இடம் இதுதான். வீட்டுக்கு ஒன்று, உறவுக்கும் அண்டை வீட்டுக்கும் ஒன்று, ஏழைக்கு ஒன்று என மூன்றாகப் பிரிக்கிறோம். முதல் இரண்டும் தானாக நடந்துவிடும். மூன்றாவதைத் தற்செயலுக்கு விட்டால் வசதி உள்ளவர் வீட்டிலேயே போய் நிற்கும். பள்ளிவாசலுக்குப் பக்கத்தில் இருக்கும் வீட்டுக்குப் பத்துப் பொட்டலம் வரும், ஊர்க்கோடி வீட்டுக்கு ஒன்றும் வராது. வாசலில் வரிசை நிற்பவருக்குக் கிடைக்கும், நிற்கக் கூச்சப்படுபவருக்குக் கிடைக்காது. குர்பானியைச் சொல்லும் குர்ஆன் வசனமே (22:36) இந்த இரண்டு பேரையும் சேர்த்துத்தான் சொல்கிறது: கேட்பவருக்கும் கொடுங்கள், கேட்காமல் இருப்பதில் நிறைவு காண்பவருக்கும் கொடுங்கள். கேட்காதவரைக் கண்டுபிடிக்க வேண்டிய வேலை கொடுப்பவருடையது.

அதற்குத்தான் நோட்டுப் புத்தகம். பெருநாளுக்கு முன் தெருவுக்கு இரண்டு பெண்கள் என்று பிரித்துக்கொண்டு வீடு வீடாகப் போகிறோம். பெண்கள் போனால்தான் அடுப்பங்கரை வரை போக முடியும், நிலைமை தெரியும். கணவனை இழந்தவர்கள், நோயாளி இருக்கும் வீடு, வேலையிழந்து வெளியில் சொல்லாதவர்கள், கரையோரச் செங்கல் சூளைகளில் தங்கி வேலை செய்யும் குடும்பங்கள், பஞ்சாயத்தின் தூய்மைப் பணியாளர்கள் ஆகியோர் முதலில். மதம் பார்ப்பதில்லை. குர்பானிக் கறியைப் பிற மதத்தாருக்குக் கொடுக்கலாம் என்பதை ஹஜ்ரத்திடம் கேட்டு, அவர் வாயாலேயே ஜும்ஆவில் சொல்லவைத்தோம். அதன்பின் யாருக்கும் தயக்கம் இல்லை. அறுத்த வீடுகள் எல்லாம் ஏழைப் பங்கைப் பள்ளிவாசல் கூடத்துக்கு அனுப்பிவிடுகின்றன. அங்கே கறியையும் எலும்பையும் கலந்து ஒரே அளவாக எடை போட்டு, சைக்கிளில் பிள்ளைகளை அனுப்பி வீட்டிலேயே கொடுக்கிறோம். யாரும் வரிசையில் நிற்பதில்லை. கொடுக்கும்போது செல்போனில் படம் எடுக்கக் கூடாது என்பது எங்கள் குழுவின் கண்டிப்பான விதி. ஒரு பையன் எடுத்தான். பொட்டலத்தை வாங்கிய அம்மாள் முந்தானையால் முகத்தை மறைத்துக்கொண்டதைப் பார்த்தேன். அன்றே விதி எழுதினோம்.

பிளாஸ்டிக் பையில் கட்டுவதை நிறுத்தினோம். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை இருக்கிறது. அதைவிட, காற்றில் பறந்து ஆற்றில் போய்ச் சேரும் ரத்தப் பைகளை மறுநாள் பார்க்க முடியவில்லை. கணக்கெடுக்கப் போகும்போதே ஒவ்வொரு வீட்டிலும் மூடியுள்ள ஒரு தூக்கு வாங்கி, பெயர் எழுதிய துணித் துண்டைப் பிடியில் கட்டிவிடுகிறோம். நிறைத்து அதிலேயே அனுப்புகிறோம். சூளைக் குடும்பங்களுக்கு வாழை இலையில் சுற்றிக் காகிதத்தில் கட்டுகிறோம்.

கறி சாப்பிடாதவர்களை மறந்துவிடக் கூடாது. பெருநாள் ஆண்டுக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னால் நகர்ந்துகொண்டே வருவதால் தமிழ் மாதத்தோடும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2014லும் 2015லும் அது புரட்டாசியில் வந்தது. பள்ளிகொண்டா ரங்கநாதர் கோயிலுக்குச் சனிக்கிழமை தவறாமல் போகும் அண்டை வீட்டார் அந்த மாதம் முழுவதும் கவிச்சி தொடமாட்டார்கள். 2019 முதல் 2021 வரை ஆடியில் வந்தது. அம்மனுக்குக் காப்புக் கட்டியவர்கள் விரதத்தில் இருந்தார்கள். அப்படிப்பட்ட வீடுகளுக்கு முந்தைய நாள் இரவே, கறி வீட்டுக்குள் வருவதற்கு முன், தனிப் பாத்திரத்தில் சேமியா பாயசம் காய்ச்சி எடுத்துவைத்துவிடுவோம். பக்கத்து வீட்டு அம்மாள் இன்றும், "பாயம்மா, உங்கள் பாயசம் வந்தால்தான் எங்களுக்கும் பண்டிகை" என்பார். அவர்கள் வீட்டுப் பொங்கல் எங்களுக்கு வருவதைப் போலத்தான் இதுவும். காப்புக் கட்டிய வீட்டு வாசலை ஒட்டி ஆடு அறுக்காமல் இடம் மாற்றிக்கொள்வதும் இதில் சேர்த்தி.

வெயிலைப் பற்றி. 2025இல் பெருநாள் ஜூன் 7ஆம் தேதி வந்தது. வேலூர் ஜூன் வெயிலில் அறுத்த கறி இரண்டு மணி நேரத்துக்குமேல் வெளியில் இருக்கக் கூடாது. உச்சி வெயில் ஏறிவிட்டால் அதுவும் அதிகம். குவியலாகப் போட்டால் நடுவில் சூடு தங்கும். பரப்பி வையுங்கள். ஃபிரிட்ஜில் பெரிய மூட்டையாகத் திணிக்காமல் அரைக் கிலோ அளவில் தட்டையாக வைத்தால் சீக்கிரம் குளிரும், மின்சாரம் நின்றாலும் சமாளிக்கலாம். ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டுக்குக் கறியை முதல் சுற்றிலேயே, பத்து மணிக்குள் அனுப்புவது எங்கள் பழக்கம். அவர்கள் மதியத்துக்குள் சமைத்துவிடுவார்கள்.

மிஞ்சியதற்கு உப்புக்கண்டம் இருக்கிறது. கொழுப்பைச் சுத்தமாக நீக்கிவிட வேண்டும், கொழுப்பு இருந்தால் சிக்கு வாடை வரும். நார் போகும் திசையிலேயே நீளநீளமாக அரிந்து, கிலோவுக்கு 100 கிராம் கல் உப்பு, மஞ்சள், மிளகாய்த்தூள், அரைத்த பூண்டு சேர்த்து ஓர் இரவு ஊறவிட்டு, நூலில் கோத்து மாடியில் கட்டுங்கள். ஈ மொய்க்காமல் மேலே கொசுவலை. பனி படாமல் இரவில் உள்ளே எடுத்துவைக்க வேண்டும். நல்ல வெயிலில் நான்கைந்து நாளில் கட்டை போலக் காய்ந்துவிடும். மழைக்கால இரவில் அதை இடித்து வறுத்து ரசத்தோடு சாப்பிட்டுப் பாருங்கள்.

வரும் ஆண்டுகளில் வெயில் இன்னும் கூடும். 2026இல் பெருநாள் மே கடைசி வாரம், 2027இல் மே நடுவில், 2028இல் மே முதல் வாரம். மூன்றும் அக்னி நட்சத்திரத்தை ஒட்டியே வருகின்றன. 2027க்கு இப்போதே யோசிக்க வேண்டிய காரியம் ஒன்று இருக்கிறது. குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா வைகாசி முதல் நாள் நடக்கும். அந்த ஆண்டு பெருநாள் அதை ஒட்டி ஓரிரு நாளில் வருகிறது. இரண்டுக்கும் ஒரே சந்தையிலிருந்துதான் ஆடு போக வேண்டும். பொக்லைனும் பந்தலும் வண்டியும் இரண்டு பக்கமும் தேவைப்படும். எங்கள் ஜமாஅத்தில் நான் சொல்லியிருப்பது இதுதான்: ஆட்டைப் பங்குனிக் கடைசியில் வாங்கி வீட்டில் வளர்க்கலாம், பொக்லைனுக்குச் சித்திரையிலேயே முன்பணம் கொடுக்கலாம், தொழுகையை இன்னும் அரை மணி நேரம் முன்னால் வைக்கலாம். முதல் இரண்டுக்கும் முத்தவல்லி சரி என்றிருக்கிறார். தொழுகை நேரத்தை ஹஜ்ரத் முடிவு செய்வார்.